திரும்பும்போது மட்டும்

வண்டி நேராகப் போகும்போது ஒரு சத்தமும் இல்லை. இடது பக்கம் ஒடித்தாலும் இல்லை. வலது பக்கம் திரும்பினால் மட்டும், முன்னால் எங்கேயோ கர்ரென்று அரைத்தது. கிரைண்டரில் உளுந்தோடு ஒரு கல்லும் விழுந்துவிட்டால் வருமே, அந்த மாதிரிச் சத்தம்.

அதை நான் முதலில் கேட்டது என் வீட்டுக்காரர் இறந்த பதினேழாம் நாள் காலையில். முந்தின நாள்தான் காரியம் முடிந்திருந்தது. பந்தல்காரர் வந்து கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார், சொந்தக்காரர்கள் மிச்சப் பலகாரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். கோயம்புத்தூரில் படிக்கும் மகனை நான்தான் கல்லூரிக்குப் போகச் சொல்லி அனுப்பிவைத்தேன். தோட்டத்தில் முருங்கைக்காய் முற்றிக்கொண்டிருந்தது. யார் செத்தால் அதற்கென்ன. மூன்று மாதத்துக்கு வாசற்படி தாண்டக் கூடாது என்று சொன்ன பெரியம்மா, சொன்ன கையோடு நாலு கட்டு காயைப் பறித்து ஒட்டன்சத்திரத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவருக்கும் ஊரில் வேலை இருந்தது. நான் சாவியை எடுத்தேன்.

எங்களுடையது ஒரு பழைய பிக்கப் வண்டி. செம்பட்டிக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து எங்கள் தோட்டத்துக் காயையும் பக்கத்துத் தோட்டத்துக் காயையும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்வருவதுதான் அதன் வேலை. பெரும்பாலும் அவர் ஓட்டுவார். அவருக்குக் காய்ச்சல் தலைவலி என்றால் நான் ஓட்டுவேன். பிறகு அவருக்குக் காய்ச்சல் தலைவலி அடிக்கடி வர ஆரம்பித்தது. நான் ஓட்டுவது அவருக்குப் பிடித்திருந்தது என்பதை அவர் அப்படித்தான் சொன்னார்.

அன்று காலை வண்டியைப் பின்னால் எடுத்து, தெருவில் வலது பக்கம் ஒடித்தபோது அந்தச் சத்தம் கேட்டது. பிரேக்கை மிதித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

ஏன் அப்படி நினைத்தேன் என்பதற்கு அவர் இறந்த நாளைச் சொல்ல வேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் நானுமாகத் தூக்கி வண்டியின் முன் சீட்டில் உட்கார வைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் அவரைப் பிடித்துக்கொள்ள, நான் திண்டுக்கல்லுக்கு விரட்டினேன். செம்பட்டி தாண்டி ஒரு வேகத்தடை. அதன் மேல் பூசியிருந்த வெள்ளைக் கோடு எல்லாம் தேய்ந்துபோயிருந்தது. பல தடவை போன ரோடுதான், அங்கே அது இருப்பது எனக்குத் தெரியும், இருந்தும் அன்று மறந்துவிட்டேன். வண்டி மூன்று பேரையும் தூக்கி எறிந்துவிட்டு மடாரென்று கீழே விழுந்தது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“மெதுவா போ புள்ள. வண்டி ஒடைஞ்சுரும்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் இறக்கும்போது முடிந்துவிட்டது என்றார்கள்.

துக்கத்துக்கு வந்த பெண்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியா என்ன சொன்னாரு என்று கேட்டார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், உன்னை நினைத்துத்தான் கவலை என்றார் என்று எதையாவது எதிர்பார்த்தார்கள். ஒண்ணும் சொல்லலை என்றேன். பக்கத்து வீட்டுக்காரரும் நல்ல மனிதர், வாயைத் திறக்கவில்லை. வண்டி உடைந்துவிடும் என்பதைக் கடைசி வார்த்தை என்று எப்படி ஊருக்குச் சொல்வது?

நான் அழவும் இல்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரே அதைப் பேசியது. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போடுவார்களே, கன்னம் யாருடையதோ மாதிரி இருக்குமே, அது தலையிலிருந்து கால்வரை இருந்தது. கட்டிப்பிடித்து அழுதவர்களின் எடைதான் எனக்குத் தெரிந்தது. மாரடித்த ஒரு சித்தி நடுவில் நிறுத்தி என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். சோறு போட்டால் தின்றேன், படுக்கச் சொன்னால் படுத்தேன். வருத்தமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்ப்பேன். பதில் வராது.

வண்டிக்குள் இருக்கும்போது மட்டும் என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் ஏன் அழவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். வண்டி எனக்கு வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு முருங்கைக்காய் ஒரு காரணம், இது இன்னொரு காரணம். இரண்டாவதை யாரிடமும் சொல்லவில்லை.

வண்டியை விற்றுவிட வேண்டும் என்று முதலில் சொன்னது என் கொழுந்தனார். அவருக்குச் செம்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் கடை இருக்கிறது. கிணற்று மோட்டார் எங்கே அரைத்தாலும் ஒரு ஸ்குரூ டிரைவரை அதன் முதுகில் வைத்து, மறுமுனையில் காதை வைத்து, இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் இந்த வண்டிப் பக்கம் மட்டும் வரவே இல்லை. சத்தம் கேட்கிறது, வந்து பாருங்கள் தம்பி என்று இரண்டு முறை சொல்லியனுப்பினேன். மூன்றாம் நாள் வந்தவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

“வித்துருவோம் மதினி. பழைய வண்டி. இத வச்சு நீங்க ரோடு ரோடா அலையணுமா?”

“என்ன சத்தம்னு பாக்காம எதுக்கு விக்கணும்?”

“பாக்குறதுக்கு என்ன இருக்கு? உள்ள எதோ போயிருச்சு. இன்னைக்கு அரைக்கும், நாளைக்கு நடுரோட்ல உக்காந்துரும்.”

“நீங்க காத வச்சுப் பாத்தீங்களா?”

அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சரி, பேரம் பேசிக்கொள்வோம் என்று நான் ஒரு வழி சொன்னேன். என்ன கோளாறு என்று கண்டுபிடிப்போம். சின்ன வேலை என்றால் வண்டி என்னிடம் இருக்கும், அதற்குப் பிறகு யாரும் விற்பதைப் பற்றிப் பேசக் கூடாது. முன் அச்சு உடைந்திருக்கிறது, பெரிய வேலை என்றால் நானே சாவியைக் கொடுத்துவிடுகிறேன். அவர் தலையாட்டினார். அடுத்த நாளே பழனிப் பக்கத்திலிருந்து ஒருவரை வண்டி பார்க்கக் கூட்டிவந்துவிட்டார். அவ்வளவு அவசரம்.

வந்தவர் மரியாதையான ஆள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஓட்டிப் பார்க்கிறேன் என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார்.

“ஏனுங்க, வலதுகைப் பக்கம் ஒடிச்சா என்னமோ அரைக்குதுங்களே?”

“ஆமாங்க.”

“என்னன்னு ஒருக்கா பாத்து வெச்சிருங்க. வெள்ளிக்கிழமை வாரனுங்க. வந்தா பேசி முடிச்சிரலாமுங்க.”

அன்று சனிக்கிழமை. எனக்கு நடுவில் ஆறு நாள் இருந்தது.

முதலில் நானே பார்த்தேன். இவ்வளவு வருஷம் ஓட்டியதில் கொஞ்சம் தெரியும். வண்டியை நிறுத்தி, எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பினேன். சத்தமில்லை. அப்படியென்றால் ஸ்டியரிங்கில் கோளாறு இல்லை, சக்கரம் உருண்டால்தான் வருகிறது. கண்மாய்க் கரைச் சரிவில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உருளவிட்டு வலது பக்கம் திருப்பினேன். அரைத்தது. எஞ்சினும் கியரும் தப்பித்தன. பிரேக்கை மிதித்தால் சத்தம் நின்றது, விட்டால் வந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை.

டயர் மட்கார்டில் உரசுகிறதோ என்று ஒரு சந்தேகம். அதற்குக் கோலமாவை எடுத்தேன். துக்க வீட்டில் கோலம் போடுவதில்லை, டப்பா சமையலறைப் பரணில் மூடியே கிடந்தது. மாவைத் தண்ணீரில் கரைத்து, மட்கார்டின் உள்பக்கம் முழுக்கத் துணியால் பூசிக் காயவைத்தேன். டயர் எங்கே பட்டாலும் மாவு அழிந்திருக்கும். எதிர்வீட்டுக்காரம்மா சன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தார். புருஷன் போன துக்கத்தில் இவள் வண்டிக்குக் கோலம் போடுகிறாள் என்று அன்றைக்கே ஊர் முழுக்கப் போயிருக்கும். பத்துத் தடவை வலது பக்கம் சுற்றிவிட்டு வந்து குனிந்து பார்த்தேன். மாவு பூசினது பூசினபடி இருந்தது.

திங்கட்கிழமை செம்பட்டி டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் வலது பக்கச் சக்கரத்தைக் கழற்றி, ஆட்டிப் பார்த்து, பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது என்று கிரீஸ் அடித்து மாட்டிக் கொடுத்தார். கடையிலிருந்து ரோட்டுக்கு ஏறும்போதே அரைத்தது. அவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் சத்தத்தோடேயே ஒட்டன்சத்திரம் போய்வந்தேன். வலது பக்கம் திரும்பும் ஒவ்வொரு இடமும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. போகும்போது நாலு, வரும்போது ஆறு. ஒவ்வொரு முறையும், வண்டி ஒடைஞ்சுரும் என்ற குரல் கேட்கும் என்று எதிர்பார்ப்பேன். குரல் கேட்காது, சத்தம் மட்டும்தான் கேட்கும். குரல் கேட்டிருந்தாலாவது ஒரு பாட்டம் அழுதிருக்கலாம்.

வியாழக்கிழமை காலை திண்டுக்கல்லுக்குக் கிளம்பினேன். பைபாஸ் பக்கம் முன்சக்கர வேலை மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக் இருப்பதாக மார்க்கெட்டில் சொல்லியிருந்தார்கள். கொழுந்தனார் தானும் வருவதாகச் சொல்லி ஏறிக்கொண்டார்.

“பொம்பள தனியா போனா இல்லாத வேலையெல்லாம் சொல்லுவாய்ங்க மதினி.”

“இருக்குற வேலையச் சொன்னா போதும்.”

வழியெல்லாம் அவர் கதவின் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் வலது பக்கம் ஒடித்தபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வேகத்தடை வந்தது. இந்த முறை இறங்கி நடப்பது போல மெதுவாக ஏறி இறங்கினேன். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மெக்கானிக்குக் கிட்டத்தட்ட என் வயது இருக்கும். காதில் பீடி செருகியிருந்தார். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பட்டறைக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் வெட்டவெளியில் வண்டியை விடச் சொன்னார்.

“எட்டுப் போடுங்கக்கா.”

லைசென்ஸ் வாங்கப் போனபோது போட்ட அதே எட்டு. அன்றைக்கு என் வீட்டுக்காரர் மைதானத்து ஓரத்தில் நின்று, என்னைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு மெக்கானிக் குனிந்தபடி வண்டியோடு சேர்ந்து ஓடினார். வலது வளைவில் அரைக்கும்போது முன்னால் வருவார், இடது வளைவில் நின்றுகொள்வார். மூன்று எட்டுக்குப் பிறகு கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். ஜாக்கியை எடுத்துக்கொண்டு இடது பக்கம் போனார்.

“அந்தப் பக்கம் இல்லைங்க. வலது பக்கம் திரும்புனாத்தான் சத்தம் வருது” என்றேன்.

“வலது பக்கம் திரும்புனா வண்டி எந்தப் பக்கம் சாயும்?”

நான் யோசித்தேன். எத்தனை வருஷமாக ஓட்டுகிறேன். வலது பக்கம் ஒடித்தால் காய் மூட்டையெல்லாம் இடது பக்கம்தான் சரியும்.

“பாரம் எந்தச் சக்கரத்துல ஏறுதோ அதுதான் கத்தும். எல்லாரும் திரும்புற பக்கத்தையே கழட்டிப் பாப்பாய்ங்க” என்றபடி நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். “சத்தம் எப்ப இருந்து? அதுக்கு முந்தி என்ன லோடு ஏத்துனீங்க, எந்த ரோட்ல போச்சு?”

“முருங்கக்கா. ஒட்டன்சத்திரம்.”

“அது எப்பவும் போறதுக்கா. சத்தம் வர்றதுக்குச் செத்த முந்தி கடைசியா ஏத்துன லோடு.”

கடைசியாக ஏற்றிய லோடு எது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊராட்சியின் சவ வண்டி அன்று வேறு ஊருக்குப் போயிருந்தது. வெளியே ஒரு வண்டியைத் தேடுவானேன், அவர் வண்டியிலேயே போகட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பின்னால் பலகையை இறக்கி, பூ ஜோடித்து, அவரை அதில்தான் கொண்டுபோனார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். நானும் நின்றேன். வண்டி வலது பக்கம் திரும்பியது, பறைச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

அதைச் சொல்ல வாய் வரவில்லை. வேறொன்று வந்தது. முதல் முறையாக வெளியே சொன்னேன்.

“லோடு ஒண்ணும் இல்ல. நான்தான் ஒடைச்சுட்டேன். வேகத்தடைல தூக்கிப் போட்டுட்டேன். அவரு அப்பவே சொன்னாரு, வண்டி ஒடைஞ்சுரும்னு.”

“அது இல்ல மதினி.”

பின்னால் நின்றிருந்த கொழுந்தனார்தான் பேசினார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

“ஆஸ்பத்திரில இருந்து வண்டிய ஊருக்கு ஓட்டிட்டு வந்தது நான். பஸ் ஸ்டாண்டு, ரவுண்டானா, எங்கெல்லாம் திருப்புனேன். ஒரு சத்தமும் இல்ல. மறுநாள் அண்ணன ஏத்திக்கிட்டு போம்போதும் நான்தான் ஓட்டுனேன். அப்பவும் இல்ல. அங்க இறக்கி, எல்லாம் முடிஞ்சு, வண்டியத் திருப்புறேன். அப்பத்தான் அரைச்சுச்சு.”

எனக்கு அது காதில் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை. மெக்கானிக் எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, சக்கரத்தைக் கழற்றித் தரையில் போட்டார். உள்ளே பிரேக் வட்டு தெரிந்தது. அதன் பின்னால், சேறும் தூசியும் படாமல் இருப்பதற்காக ஒரு மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். வட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் விரல் நுழையாத இடைவெளிதான். டார்ச் அடித்துப் பார்த்தவர், ஸ்குரூ டிரைவரால் தகட்டைக் கொஞ்சம் நெம்பினார். ஏதோ விழுந்தது. உருண்டு வந்து கொழுந்தனாரின் செருப்பில் முட்டிச் சாய்ந்தது.

ஒரு ரூபாய்க் காசு.

மெக்கானிக் அதை எடுத்து வேஸ்ட் துணியில் துடைத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் புதுசு போலப் பளபளத்தது, அதில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. மறுபக்கம் கறுப்பேறிக் கிடந்தது.

“கல்லு எடுத்திருக்கேன், நட்டு எடுத்திருக்கேன். காசு எடுத்ததில்ல” என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “வழியில காசு எறைச்சீங்களா?” என்று கேட்டார்.

இறைத்தார்கள். பொரியும் காசும் கலந்து, மாமா ஒருவர் வண்டிக்கு முன்னால் நடந்து இறைத்துக்கொண்டே போனார். முந்தின நாள் மழை பெய்திருந்தது. காசு சேற்றோடு டயரில் ஒட்டி, டயர் அதைத் தூக்கிப் போட்டு, அது போய் அந்த இடுக்கில் விழுந்திருக்கிறது. நேராகப் போனால் சும்மா கிடக்கும். இடது சக்கரத்தில் பாரம் ஏறினால் வட்டு அதைத் தொடும், பிரேக் இறுக்கினால் விலகிவிடும். மெக்கானிக் இதைச் சொல்லிக்கொண்டே வட்டைத் தடவிப் பார்த்தார். லேசான கோடுதான், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார்.

“அச்சு?” என்றேன்.

“அச்சுக்கு என்னக்கா? வேகத்தடைக்கெல்லாம் பயப்படுற வண்டியா இது?”

கொழுந்தனார் அங்கே கிடந்த ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணன்தான்னு நெனச்சேன் மதினி.”

“எது?”

“சத்தம். அங்க வச்சுத் திருப்பும்போது வந்துச்சுல்ல. எறங்க மாட்டேங்கிறாரு, வண்டிய விட்டுப் போக மாட்டேங்கிறாருன்னு நெனச்சேன். திரும்பிப் பாக்காம வரணும்னு சொல்லி விட்டாங்க. சத்தம் கேக்குது, பின்னால பாக்கவும் முடியல. வீட்ல கொண்டாந்து விட்டுட்டு ஓடிட்டேன். அதுக்கப்புறம் இந்த வண்டியத் தொட எனக்கு…” என்றபடி துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மாதத்தில் எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைக்கப் போவதில்லை.

“மோட்டாருக்கெல்லாம் காத வச்சு வைத்தியம் பாக்குற ஆளு, அண்ணன் வண்டிக்கு ஒரு தடவ காத வைக்கக் கூடாதா? அந்தச் சத்தத்தோட நான் ஒம்பது பத்து நாளா ஓட்டிருக்கேன். நான் ஒடைச்சுட்டேன் நான் ஒடைச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டே ஓட்டிருக்கேன். வாயத் தொறந்து, அங்க வச்சுத்தான் வந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?”

“நீங்க ஒடைச்சுட்டதா நெனச்சது எனக்கு எப்பிடி மதினி தெரியும்?”

நியாயமான கேள்விதான். நானும் வாயைத் திறக்கவில்லை. மெக்கானிக் சக்கரத்தை மாட்டி முடித்து, காசை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, என்னிடமே நீட்டினார். வாங்கி, ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த தட்டில் வைத்தேன். பைபாஸில் ஏறும்போது வலது பக்கம் முழுவதுமாக ஒடித்தேன். சத்தமில்லை. காசு மட்டும் தட்டில் நகர்ந்து இடது ஓரத்துக்குப் போனது.

செம்பட்டி தாண்டியது. பிறகு நான்தான் கேட்டேன்.

“எந்த வழியா போனீங்க அன்னைக்கு?”

அவர் சொன்னார். தெருமுனையில் திரும்பி, ஊர்க் கிணற்றைச் சுற்றி, எங்கள் தோட்டத்து வேலி ஓரமாகவே போனார்களாம். வேலிக்கு நேராக வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னானாம் என் மகன். அவன் பின்னால் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தானாம். முருங்கை மரத்திலிருந்து ஒரு கொப்பை ஒடித்து அப்பா பக்கத்தில் வைத்தானாம். இதில் எதுவும் எனக்குத் தெரியாது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் ரோடு இரண்டாகப் பிரியும். இடது பக்கம் எங்கள் வீடு. வலது பக்கம் போனால் ஓடைக்கரையில் சுடுகாடு.

“அந்தக் காச வீட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாது மதினி” என்றார் கொழுந்தனார். “அந்த ரோட்லயே போட்டுரணும். நிறுத்துங்க, நான் நடந்து போயிப் போட்டுட்டு வாரேன்.”

நான் நிறுத்தவில்லை. வலது பக்கம் திருப்பினேன்.

“மதினி, பொம்பளைக அங்க…”

“வலது பக்கம் நல்லாத் திரும்புதான்னு பாக்க வேணாமா?”

அவர் கைப்பிடியை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மண் ரோடு. தோட்டத்து வேலி வந்தது. ஒடித்த கொப்பு எதுவென்று தெரியவில்லை, எல்லாவற்றிலும் காய் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடைக்கரையில் தகரக் கொட்டகை ஒன்று, சுற்றிலும் கருவேல முள், உடைந்த பானை ஓடுகள். அவ்வளவுதான். இதற்குத்தான் பெண்கள் வரக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். சாம்பலை அப்போதே கரைத்துவிட்டார்கள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

வண்டி திருப்புவதற்கு இடம் குறைவு. பின்னால் எடுத்து, வலது பக்கம் முழுதாக ஒடித்து, கொஞ்சம் முன்னால், மறுபடி பின்னால். அன்றைக்குக் கொழுந்தனார் திருப்பிய அதே இடம். இரண்டு பேரும் மூச்சுவிடாமல் கேட்டோம். மண் நெரிகிற சத்தம் மட்டும்தான். எஞ்சினை அணைத்தேன். கொழுந்தனார் தட்டிலிருந்து காசை எடுத்து, கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டிப் போட்டார். மண்ணில் விழுந்ததால் அதுவும் கேட்கவில்லை. நாளைக்கு வர வேண்டாம் என்று பழனிக்காரருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று அவராகவே போனை எடுத்தார்.

நான் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதானே சொல்லியிருக்கிறார்கள், கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக்குள் தகரக் கொட்டகை சின்னதாகத் தெரிந்தது.

“வண்டிக்கு ஒண்ணும் ஆகலைங்க” என்றேன்.

தன்னிடம்தான் சொல்கிறேன் என்று நினைத்து, “ஆமா மதினி, ஒண்ணும் ஆகல” என்றார் கொழுந்தனார்.

அப்போதுதான் எனக்கு வலிக்க ஆரம்பித்தது.